காலேஜுக்குப் போற பிள்ளை, வீட்ல தங்கிப்போற பாம்பு



கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வச்சுக்கிட்டு உட்காருங்க.

போன வாரம் இன்பாக்ஸில் ஒரு அம்மா அனுப்பிய செய்தி இது. அவங்க அனுமதியோட, ஊர் பேரெல்லாம் எடுத்துட்டுப் போடறேன்.

"சார், பையனுக்கு வெளியூர் காலேஜ்ல சீட் கிடைச்சிருக்கு. ஹாஸ்டல்தான். ரெண்டு வருஷமா அவன் ரூம்ல ஒரு பாம்பு வளர்க்கிறான். பால் பைத்தான்னு சொல்றான். அவன் போனதுக்கப்புறம் இதை என்ன பண்றதுன்னு தெரியல. கடிச்சா விஷமா? அவங்க அப்பா ஏரிப் பக்கம் கொண்டுபோய் விட்டுடலாம்ங்கிறார். நீங்கதான் சொல்லணும்."

முதலில் ஒன்று. நான் கால்நடை மருத்துவர் இல்லை. அரசு மருத்துவமனையில் மனுஷங்களைப் பார்க்கிற எம்பிபிஎஸ் டாக்டர். ஆனா பாம்புக்கடி வார்டில் நிறைய ராத்திரி முழிச்சிருக்கேன். அதோட இந்தக் கேள்வியில் பாதிதான் பாம்பு பற்றியது. மீதிப் பாதி அந்த வீட்டில் இருக்கிற மனுஷங்களைப் பற்றியது. அதனால பதில் சொல்ல எனக்கும் கொஞ்சம் உரிமை இருக்குன்னு நினைக்கிறேன்.

"பாம்பெல்லாம் வீட்ல வளர்ப்பாங்களா!"ன்னு கமெண்ட் போடப் போறவங்களுக்கு: வளர்க்கிறாங்க. சென்னை, கோவை, பெங்களூருன்னு எல்லா ஊரிலும் இருக்கு. வளர்க்கலாமா வேண்டாமா என்பது வேற விவாதம். இந்தப் பதிவு ஏற்கெனவே வீட்ல பாம்பு இருக்கிறவங்களுக்கு.

பால் பைத்தான் என்றதும் பால் குடிக்கிற பாம்புன்னு நினைச்சுக்காதீங்க. பயந்தா பந்து மாதிரி சுருண்டு தலையை நடுவில் ஒளிச்சுக்கும், அதனால அந்தப் பேர். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. மலைப்பாம்பு வகைதான், ஆனா சிறுசு. மூன்றிலிருந்து ஐந்து அடிக்குள் நின்றுவிடும். விஷம் கிடையாது. கடித்தால் ஊசியால் கீறின மாதிரி வரிசையாகக் காயம் இருக்கும். இழுத்துப் பிடுங்காதீங்க, பல் உள்பக்கமா வளைஞ்சிருக்கும், இழுத்தா சதை கிழியும். அது விட்டதும் ஓடுற தண்ணியில் சோப்பு போட்டுக் கழுவணும். டிடி ஊசி எப்போ போட்டதுன்னு ஞாபகம் இல்லைன்னா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் போட்டுக்கணும். அவ்வளவுதான்.

ஆக அந்த அம்மாவின் முதல் கேள்விக்குப் பதில்: விஷம் இல்லைம்மா, பயப்படாதீங்க.

இரண்டாவது கேள்விதான் பெருசு. ஏரியில் விடலாமா?

கூடாது. எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

ஏன்னு சொல்றேன்.

வீட்டில் பிறந்து, பெட்டிக்குள் வளர்ந்து, செத்த எலியை இடுக்கியில் நீட்டினா வாங்கித் தின்ற பாம்பு அது. வெளியில் விட்டா பெரும்பாலும் சாகத்தான் போகுது. கீரி, பருந்து, நாய், இல்லைன்னா ரோட்டில் லாரி. அதையெல்லாம் தாண்டி ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு வந்துச்சுன்னா கம்போட நாலு பேர் வருவாங்க. பழுப்பு உடம்பு, திட்டுத் திட்டா டிசைன், தடிச்ச உருவம். நம்ம ஊர் ஆளுக்கு ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் அது கண்ணாடி விரியனாத்தான் தெரியும்.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் இதோட மறுபக்கம். "ஏரிக்கரையில் யாரோ வளர்த்த பாம்பைப் பிடிச்சாங்களாம், கடிக்கவே இல்லையாம்"னு ஊருக்குள்ள ஒரு பேச்சு கிளம்பிடும். அடுத்த மாசம் அதே மாதிரி தடிமனா, திட்டுத் திட்டா ஒண்ணு வரப்பில் கிடக்கும். ஒரு பையன் வீடியோ எடுக்க அதைக் கையில் எடுப்பான். அது நிஜமான கண்ணாடி விரியன். அந்தப் பையன் எங்ககிட்ட வந்து சேரும்போது ஈறிலிருந்து ரத்தம் வரும், சிறுநீர் குறைஞ்சிருக்கும், டயாலிசிஸ் வரைக்கும் போகும்.

இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறப்பதாக 2020-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. தமிழ்நாட்டில் 2024 நவம்பரிலிருந்து பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டிய நோயாகவே அறிவித்திருக்கிறார்கள். இந்த நிலைமையில் ஊருக்குள் பாம்பு அடையாளத்தில் இன்னொரு குழப்பத்தை நாமே சேர்க்க வேண்டாம்.

ஒரே ஒரு பாம்புதானே, என்ன ஆகிடப் போகுதுன்னு கேட்பீங்க. அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்துக்காரங்களும் அப்படித்தான் நினைச்சாங்க. அங்கே பர்மிய மலைப்பாம்பைச் செல்லப் பிராணியா வாங்கினாங்க. வளர்ந்து பத்தடியைத் தாண்டினதும் கட்டுப்படியாகாம எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விட்டாங்க. 1992-ல் ஆண்ட்ரூ புயல் ஒரு பாம்புப் பண்ணையையும் உடைச்சுது. அதுங்க அங்கேயே பெருகிடுச்சு. 2012-ல் வந்த ஆய்வில், மலைப்பாம்பு ரொம்ப நாளா இருக்கிற பகுதிகளில் ரக்கூன் என்ற விலங்கு கண்ணில் படுவது 99.3 சதவீதம் குறைஞ்சிருந்தது. ஆபோசம் 98.9 சதவீதம். காட்டுப்பூனை 87.5 சதவீதம். கிட்டத்தட்ட துடைச்சு எடுத்த மாதிரி.

அந்தப் பாம்புகளைப் பிடிக்க 2017-ல் யாரைக் கூப்பிட்டாங்க தெரியுமா? நம்ம செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களை. மாசி சடையன், வடிவேல் கோபால். இரண்டு பேரும் விமானம் ஏறிப் போய், இரண்டு வாரத்துக்குள்ளேயே 13 மலைப்பாம்பு பிடிச்சாங்க. அதில் ஒண்ணு 16 அடி. 2023-ல் இரண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. நம்ம ஆட்கள் என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனா அவங்களை அவ்வளவு தூரம் வரவழைக்க வேண்டி வந்ததுக்கு ஆரம்பம் என்ன? "இனி என்னால பார்த்துக்க முடியல, எங்கயாச்சும் விட்டுடலாம்"னு வீட்டுக்கு வீடு எடுத்த முடிவுகள்.

பால் பைத்தான் அந்த அளவுக்குப் போகாதுன்னு சிலர் சொல்வாங்க. இருக்கலாம். மீன் தொட்டியைச் சுத்தம் பண்ணும்னு வாங்கி, பெருசானதும் ஏரியில் கொட்டின டேங்க் கிளீனர் மீனையும் அப்போ யாரும் பெருசா நினைக்கல. இன்னைக்கு மீன்பிடிக்கிறவங்க வலையைக் கேட்டுப் பாருங்க.

சரி, விடக் கூடாது. அப்போ என்னதான் பண்றது?

முதல்ல ஹாஸ்டல். பிள்ளைங்க எல்லாருக்கும் வர்ற முதல் யோசனை அதுதான். கூடவே கொண்டுபோயிடலாம், கட்டிலுக்கு அடியில் வச்சுக்கலாம், யாருக்கும் தெரியாது. தம்பி, தங்கச்சிங்களா, நானும் ஹாஸ்டல்ல இருந்தவன்தான். ஒரு ரூமில் நாலு பேர். கெட்டில் வச்சிருந்தாலே வார்டன் எடுத்துட்டுப் போவார். நீங்க ஹீட் மேட் எங்க சொருகுவீங்க? பாம்பு பெட்டியை விட்டு வெளியேறுவதில் கெட்டிக்காரப் பிராணி. சின்ன இடுக்கு போதும். ராத்திரி ரெண்டு மணிக்கு ரூம்மேட் போர்வைக்குள்ள போச்சுன்னா அவன் அடிச்சே கொன்னுடுவான். அவன் மேல தப்பும் சொல்ல முடியாது.

இன்னொண்ணு. மறைச்சு வளர்க்கிறவன் கடி வாங்கினா உண்மையைச் சொல்ல மாட்டான். ஒரு தடவை ராத்திரி கேஷுவாலிட்டிக்கு ஒரு பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. கையில் கீறல். "பூச்சி கடிச்சுது"ன்னான். அப்புறம் "என்னன்னு பார்க்கலை"ன்னான். எந்தப் பாம்புன்னு தெரியலைன்னா நாங்க விஷப்பாம்புன்னு வச்சுத்தான் பார்க்கணும். கண்ணாடி ட்யூபில் ரத்தம் எடுத்து 20 நிமிஷம் அசைக்காம வச்சு உறையுதான்னு பார்க்கணும். கண் இமை தொங்குதா, பேச்சு குழறுதான்னு பார்த்துக்கிட்டே இருக்கணும். 24 மணி நேரம் அட்மிஷன். விடியற்காலையில் அவன் ஃப்ரெண்டு தனியா வந்து சொன்னான், "சார், அது அவன் வளர்க்கிற பாம்பு". அந்த ராத்திரி முழுக்க ஒரு பெட்டும் ஒரு நர்ஸும் அவனுக்காக நின்னாங்க. எங்ககிட்ட உண்மையைச் சொல்லுங்க. நாங்க போலீஸ் இல்லை. எந்தப் பாம்புன்னு தெரிஞ்சா சிகிச்சை ரெண்டு நிமிஷத்தில் முடிவாகிடும்.

ஆக ஹாஸ்டல் வேண்டாம். ரூம் எடுத்துத் தங்குறவங்களும் ஹவுஸ் ஓனர்கிட்ட நேர்ல கேட்டு, சரின்னு அவர் சொன்னா மட்டும் யோசிங்க. சொல்ல மாட்டார்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

அடுத்தது வீட்லயே விட்டுட்டுப் போறது. பெரும்பாலும் நடக்கிறது இதுதான். இங்கேதான் நான் கொஞ்சம் கறாரா பேசப் போறேன்.

பாம்பு யாரோடதுங்கிறது இப்போ முக்கியமில்லை. ஊரை விட்டுப் போறவனுக்கு இதில் ஒரு ஓட்டுதான். வீட்ல தங்கப்போறவங்களுக்குத்தான் கடைசி வார்த்தை. அம்மா மனசார சரின்னு சொன்னா வீட்ல இருக்கட்டும். "ம்... பார்க்கலாம்"ன்னு இழுத்தாங்கன்னா அது சரி இல்லை, இல்லைன்னுதான் அர்த்தம். நம்ம வீடுகளில் அம்மாக்கள் பிள்ளைக்காக எதுக்கும் தலையாட்டிடுவாங்க. நாய் வாங்கிக் கொடுத்த வீட்ல ரெண்டாவது மாசத்திலிருந்து யார் நடக்கக் கூட்டிட்டுப் போறாங்கன்னு பாருங்க. நாய்க்காவது அம்மாவோட பேசத் தெரியும். ஒவ்வொரு தடவை பெட்டியைத் திறக்கும்போதும் கை நடுங்குற ஒருத்தரை நாலு வருஷம் பாம்பு பார்த்துக்கச் சொல்றது அந்த அம்மாவுக்கும் நியாயம் இல்லை, பாம்புக்கும் நியாயம் இல்லை.

நாலு வருஷம்னு சொன்னேன். அதுவும் சரியான கணக்கு இல்லை. நல்லா பார்த்துக்கிட்டா பால் பைத்தான் 20, 30 வருஷம் இருக்கும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவில் ஒரு பால் பைத்தான் 2020-ல் ஏழு முட்டை போட்டுச்சு. அப்போ அதுக்கு வயசு 62-க்கு மேல் என்று கணக்கிட்டார்கள். 15 வருஷத்துக்கு மேல் ஆண் பாம்பே பக்கத்தில் இல்லாம முட்டை போட்டது தனிக்கதை. எனக்கு அதில் பிடிச்ச விஷயம் வேற. அந்தப் பாம்பு 1961-ல் ஒரு தனிநபர் பூங்காவுக்குக் கொடுத்தது. யாரோ ஒருத்தர் இனி தன்னால் முடியாதுன்னு முடிவு பண்ணி, சரியான கையில் ஒப்படைச்சார். அது அங்கே அறுபது வருஷம் இருந்துச்சு.

கல்லூரி முடிஞ்சதும் வேலை. வேலைக்கு பெங்களூரு, ஹைதராபாத், இல்லைன்னா வெளிநாடு. மருத்துவம் படிக்கிறவனுக்கு அஞ்சரை வருஷம், அப்புறம் பிஜி. "நான் வந்து எடுத்துக்கறேம்மா"ங்கிற வாக்கு எப்போ நிறைவேறும்னு ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. பல பேருக்குத் தேதி வராது.

அப்புறம் என் துறை சார்ந்த விஷயம். சால்மோனெல்லா.

பாம்பு, பல்லி, ஆமை எல்லாத்தோட குடலிலும் இந்தக் கிருமி இருக்கலாம். பாம்புக்கு ஒண்ணும் ஆகாது, பார்க்க நல்லா ஆரோக்கியமா இருக்கும். அதோட கழிவு, தோல், பெட்டி, தண்ணீர்க் கிண்ணம் வழியா நம்ம கைக்கு வந்து, வாய்க்குப் போனா காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வயிற்று வலி. நல்ல ஆரோக்கியமான 18 வயசுப் பையனுக்கு நாலு நாளில் சரியாகிடும். அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்கு அப்படி இல்லை. கைக்குழந்தைக்கு ரத்தத்தில் கலந்து மூளைக்காய்ச்சல் வரைக்கும் போகலாம். 65 வயசைத் தாண்டினவங்க, புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறவங்க, சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை ஆனவங்க, இவங்களுக்கும் ஆபத்து அதிகம்.

இப்போ யோசிங்க. பையன் வீட்ல இருந்தவரை பாம்பு அவன் ரூம்ல, கதவு சாத்தி இருந்துச்சு. அவன் போனப்புறம் அந்த ரூம் யாருக்கு? பிரசவத்துக்கு வர்ற அக்காவுக்கு. இல்லைன்னா ஊர்லேர்ந்து வர்ற பாட்டிக்கு. சரியா யாருக்கு ஆபத்து அதிகமோ அவங்களுக்குத்தான் அந்த ரூமைக் கொடுப்போம்.

என் கருத்து இது. வீட்ல அஞ்சு வயசுக்குள்ள குழந்தை இருந்தா, இல்லை அடுத்த வருஷம் வரப்போகுதுன்னா, இல்லை எதிர்ப்பு சக்தி குறைஞ்ச பெரியவங்க இருந்தா, அம்மா சம்மதிச்சாலும் அந்தப் பாம்பு அந்த வீட்ல இருக்க வேண்டாம். வேற வீடு பாருங்க.

அப்படி யாரும் இல்லாத வீடுன்னா தாராளமா வச்சுக்கலாம், சுத்தம் முக்கியம். தொட்டதும் சோப்பு போட்டுக் கை கழுவணும். சானிடைசர் மட்டும் போதாது. தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறை சிங்க்கில் கழுவக் கூடாது. உறைய வச்ச எலியை தோசை மாவு இருக்கிற ஃப்ரிட்ஜில் வைக்காதீங்க. ஃப்ரீசரில் வச்சா கிருமி செத்துடும்னு நினைக்கிறது தப்பு, தூங்கும், அவ்வளவுதான். சின்னதா ஒரு பழைய ஃப்ரிட்ஜ் தனியா வாங்கிக்கோங்க. வீட்ல யாருக்காவது காய்ச்சலோட வயிற்றுப்போக்கு வந்து டாக்டர்கிட்ட போனா, "வீட்ல பாம்பு இருக்கு சார்"னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவர் ஒரு நிமிஷம் முழிப்பார். பரவாயில்லை, அந்தத் தகவல் அவருக்கு ரொம்ப உதவும்.

வேலைக்கு வர்ற அக்காவுக்கும் சொல்லிடுங்க. பெட்டி துடைக்கத் திறந்து, பயந்து விழுந்து, இடுப்பு எலும்பு உடைஞ்சா அதுக்குப் பாம்பு பொறுப்பில்லை. பெட்டிக்கு ஒரு பூட்டு போடுங்க.

இன்னும் ஒரு வழி, நண்பர் வீட்ல விடறது. இதை நான் ரெண்டாவது நல்ல வழியா நினைக்கிறேன். ஏற்கெனவே பாம்பு வளர்க்கிற ஒருத்தர், வேலைக்குப் போறவர், சொந்த வீட்ல இருக்கிறவர் கிடைச்சா அம்மாகிட்ட விடறதைவிடவே நல்லது. ஒரு விஷயம் மட்டும் முன்னாடியே தெளிவா பேசிக்கோங்க: கொஞ்ச நாளைக்கா, நிரந்தரமா? கொஞ்ச நாளைக்குன்னா எந்த மாசம் வரைக்கும், எலி செலவு, டாக்டர் செலவு யாரோடது? இதைப் பேசாம விட்டா ஒரு வருஷத்தில் நட்பும் போயிடும்.

நிரந்தரமா கொடுக்கிறதுதான் பல பேருக்குச் சரியான முடிவுன்னு நான் நினைக்கிறேன். இதைச் சொன்னா பிள்ளைங்களுக்கு அழுகை வரும். நாயைக் கொடுத்தா அது வாசலைப் பார்த்துக்கிட்டுச் சாப்பிடாம கிடக்கும். பாம்பு அப்படி இல்லை. அதுக்குத் தேவை சூடு, ஈரப்பதம், ஒளிஞ்சுக்க ஒரு இடம், நேரத்துக்கு எலி. அது உங்க வாசனைக்குப் பழகியிருக்கும், உங்க கையில் அமைதியா இருக்கும், ஆனா உங்களை நினைச்சு ஏங்காது. கேக்கக் கஷ்டமா இருக்கலாம். ஊரை விட்டுப் போற நேரத்தில் இது உங்களுக்கு ஒரு நிம்மதியான செய்தின்னு எடுத்துக்கோங்க.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பையன் ரயில் ஏறினதும் அவனுக்குத் தெரியாம பாம்பை யாருக்கோ தள்ளிவிட்டுட்டு, "செத்துப்போச்சுப்பா"ன்னு போன்ல சொல்றது நடக்குது. முதல் வருஷ ஹாஸ்டல் வாழ்க்கை எவ்வளவு பேரை உடைக்குதுன்னு நாங்க ஓபியில் பார்க்கிறோம். தூக்கம் இல்லை, சாப்பாடு பிடிக்கலை, யாரோடயும் பேசலை. அந்த நேரத்தில் வீட்ல இருந்து ஒரு பொய், அதுவும் பின்னாடி தெரியவர்ற பொய், ரொம்ப ஆழமா இறங்கும். கொடுக்கிறதா இருந்தா அவன் இருக்கும்போதே, அவன் கையால கொடுக்க விடுங்க.

இப்போ சட்டம். இதைத் தாண்டிப் போக முடியாது.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. 2022-ல் திருத்தினாங்க, 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கு. பால் பைத்தான் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிற இனம். அதனால திருத்தின சட்டத்தின் அட்டவணை 4-க்குள் வருது. இப்படிப்பட்ட பிராணியை வச்சிருக்கிறவங்க பதிவு பண்ணணும்னு 2024 பிப்ரவரியில் விதிகள் வந்துச்சு. பரிவேஷ் இணையதளம் வழியா, மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர்கிட்ட. ஏற்கெனவே வச்சிருந்தவங்களுக்கு ஆறு மாசம் டைம் கொடுத்தாங்க. புதுசா கைக்கு வந்தா 30 நாளுக்குள் சொல்லணும். குட்டி பிறந்தாலும், இறந்தாலும், இன்னொருத்தர் கைக்கு மாறினாலும் தெரிவிக்கணும்.

ஆக ஃப்ரெண்டுகிட்ட கொடுக்கிறதும் பைக்கில் பெட்டியை வச்சுக் கட்டிக்கிட்டுப் போய் இறக்கிட்டு வர்ற விஷயம் இல்லை. பதிவு யார் பேர்ல, எந்த முகவரியில் இருக்குன்னு முதல்ல பாருங்க. மாத்த வேண்டியதை மாத்துங்க.

பதிவே பண்ணலைன்னா? இங்கேதான் பல பேர் பயந்துபோய் ராத்திரியோட ராத்திரியா ஏரிக்குப் போறாங்க. அதைச் செய்யாதீங்க. ஒரு வக்கீலைக் கலந்துக்கிட்டு மாவட்ட வன அலுவலகத்துக்கு நேரா போய்ப் பேசுங்க. சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள்ள வச்சுக் கடத்திட்டு வந்த பால் பைத்தான்களைச் சுங்கத்துறை பிடிக்கிற செய்தி அடிக்கடி பார்க்கிறீங்க. நீங்க காசு கொடுத்து வாங்கின பாம்பும் அந்த வழியில் வந்ததா இருக்கலாம். வித்தவன் கொடுக்காத பில்லை இப்போ நீங்கதான் யோசிக்கணும்.

வண்டலூர்ல கொடுத்துடலாம், கிண்டி பாம்புப் பண்ணையில் கொடுத்துடலாம்னு சுலபமா நினைக்காதீங்க. வெளியிலிருந்து வர்ற ஒரு பாம்பு உள்ளே இருக்கிற பாம்புகளுக்கு நோய் கொண்டு வரலாம், தனியா வச்சுப் பார்க்கணும், இடம் வேணும். வன அலுவலகம் வழியா கேளுங்க.

அப்புறம், இதுவரை சொன்னது எல்லாம் வெளிநாட்டுப் பாம்புக்கு. உங்க பிள்ளை வச்சிருக்கிறது நம்ம ஊர்ப் பாம்பா இருந்தா கதையே வேற. சாரைப்பாம்பு, மண்ணுளி, தண்ணிப்பாம்பு, நம்ம மலைப்பாம்பு, எதையும் வீட்ல வளர்க்க அனுமதி கிடையாது. நம்ம மலைப்பாம்பு அட்டவணை 1-ல் இருக்கு. அந்த அட்டவணைக் குற்றத்துக்கு மூணு வருஷத்திலிருந்து ஏழு வருஷம் வரை சிறை. காலேஜ் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இன்னைக்கே வனத்துறைக்குச் சொல்லி ஒப்படைச்சிடுங்க.

விஷப்பாம்பை வளர்க்கிறவங்களுக்கு ஒரே ஒரு வரி. நம்ம மருத்துவமனைகளில் இருக்கிற விஷமுறிவு மருந்து நாலு பாம்புக்கு மட்டும் செய்யப்பட்டது: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். வடநெம்மேலியில் 1978-லிருந்து இயங்குற இருளர் கூட்டுறவு சங்கம் இந்த நாலோட விஷத்தையும் எடுத்துக் கொடுக்குது. வெளிநாட்டு விஷப்பாம்பு கடிச்சு வந்தீங்கன்னா எங்ககிட்ட கொடுக்க மருந்து இல்லை. கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க மட்டும்தான் முடியும்.

வீட்லதான் பாம்பு தங்கப் போகுதுன்னு முடிவாகிடுச்சா? அப்போ பையன் கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே கையை மாத்துங்க. அவன் பக்கத்தில் நிக்கணும், அம்மாவோ அப்பாவோ எல்லாத்தையும் செய்யணும். எலி கொடுக்கிறது, கழிவு எடுக்கிறது, தண்ணி மாத்துறது. நாலு தடவை எலி கொடுத்தப்புறமும் முடியலைன்னா அப்போ தெரிஞ்சுடும், வேற வழி பார்க்க நேரமும் இருக்கும். ஒரு நோட்டு போடுங்க. என்னைக்குச் சாப்பிட்டுச்சு, என்னைக்குத் தோல் உரிச்சுச்சு, எடை எவ்வளவு. சமையலறைத் தராசு வேண்டாம், தனியா ஒண்ணு.

வளர்ந்த பாம்புக்கு ரெண்டு, மூணு வாரத்துக்கு ஒரு எலி போதும். பாம்போட தடிமனான இடம் எவ்வளவோ, எலி அந்த அளவு. தின்னப்புறம் ரெண்டு நாள் தூக்காதீங்க, கக்கிடும். குளிர் மாசங்களில் திடீர்னு சாப்பாட்டை நிறுத்திடும். அம்மாக்கள் பயந்துடுவாங்க. எடை குறையாம, சுறுசுறுப்பா இருந்தா ஒரு மாசம், ரெண்டு மாசம் சாப்பிடாம இருக்கிறது இந்த இனத்துக்குச் சாதாரணம். பத்தில் ஒரு பங்கு எடை குறைஞ்சா, வாயைத் திறந்து மூச்சு விட்டா, மூக்கில் நுரை வந்தா, உரிச்ச தோல் கண் மேல ஒட்டிக்கிட்டே இருந்தா கால்நடை மருத்துவர். எல்லாரும் பாம்பு பார்க்க மாட்டாங்க, அதனால யார் பார்ப்பாங்கன்னு இப்பவே விசாரிச்சு நம்பரை ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிவைங்க. சென்னைன்னா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுப் பாருங்க.

பால், முட்டை எதுவும் வேண்டாம். நல்ல தண்ணி போதும்.

அந்த அம்மாவுக்கு இதையெல்லாம் போன்ல சொன்னேன். எல்லாம் கேட்டுட்டு அவங்க கேட்ட கேள்வி: "சார், அந்தச் சூடு பண்ற மேட்டை ராத்திரி ஆஃப் பண்ணலாமா? கரண்ட் பில் ஏறுது."

தெர்மோஸ்டாட் இருந்தா நீங்க ஆஃப் பண்ண வேண்டியதே இல்லைம்மா, அதுவே பார்த்துக்கும். பெட்டியோட ஒரு பக்கம் 32 டிகிரி, மறுபக்கம் 26 டிகிரி இருக்கணும், ஈரப்பதம் 60 சதவீதம் கிட்ட. நம்ம ஊர் மே மாசத்தில் ரூமே 36, 37 டிகிரி போயிடும், அப்போ மேட் வேண்டாம், ஃபேன் போட்டு ரூமைக் குளிர வைக்கிறதுதான் அவசரம். டிசம்பர், ஜனவரியில் மட்டும் ராத்திரி ஆஃப் பண்ணிடாதீங்க. தெர்மோஸ்டாட் இல்லைன்னா பையன் பஸ் ஏறுறதுக்கு முன்னாடி வாங்கி மாட்டச் சொல்லுங்க.

- அரசு மருத்துவமனை டாக்டர், எம்பிபிஎஸ்